வெண்டிலேட்டருக்குப் பின்: வீடு திரும்பும் நெடுவழி

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் ஒரு செய்திக்காகவே காத்திருக்கின்றனர்: ‘வெண்டிலேட்டரை எடுத்துவிட்டோம்.’ அதைக் கேட்டதும் கைகூப்புவோர் உண்டு; அங்கேயே அமர்ந்து அழுவோரும் உண்டு. அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆயினும், நெடுநாள் செயற்கை சுவாசத்தில் இருந்த ஒருவருக்கு அந்த நாள் சிகிச்சையின் முடிவு அன்று. அதன் இரண்டாம் பாகத்தின் தொடக்கம். இந்த இரண்டாம் பாகத்தில் மருந்தைவிடப் பயிற்சிக்கு இடம் மிகுதி. இதை நடத்துவது தனி மருத்துவர் அல்லர், ஒரு குழு. அக்குழுவில் நீங்களும் ஓர் உறுப்பினர் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பகுதிகளைச் சேர்ந்த பல குடும்பங்களிடம் நாங்கள் கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒரே குடும்பத்தின் கதையாக இங்கே சொல்கிறோம். அவருக்கு வயது 46. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். கடுமையான நிமோனியாவால் 26 நாள் செயற்கை சுவாசத்தில் இருந்தார். வாய்வழிக் குழாயை நெடுநாள் வைத்திருக்க இயலாது என்பதால், இடையில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் டிரக்கியாஸ்டமி குழாய் பொருத்தப்பட்டது. கருவி விலக்கப்பட்ட மறுநாள் அவருடைய மனைவி எங்களிடம் கேட்டார்: “மிஷினத்தான் எடுத்துட்டீங்களே டாக்டர், இன்னும் ஏன் கையக்கூடத் தூக்க மாட்டேங்குறாரு?”

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

உடல் ஏன் இவ்வளவு தளர்கிறது?

நாம் மூச்சிழுக்கும்போது பெரும்பகுதி வேலையைச் செய்வது உதரவிதானம் என்னும் தசை. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் விரிந்திருக்கும் அது, பிறந்தது முதல் ஒரு நாளும் ஓய்வு அறியாதது. கருவி அந்த வேலையை ஏற்றுக்கொண்டவுடன் அத்தசை விரைவாக மெலியத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் வரை முழுமையாகச் செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் உதரவிதானத் தசை நார்கள் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது கண்டறியப்பட்டது. சில நாளிலேயே இந்நிலை என்றால், 26 நாளின் விளைவை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

கை கால் தசைகளின் நிலையும் இதுவே. தீவிர சிகிச்சையில் இருந்தோரின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்ததாக 2013-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு கூறுகிறது. இதற்குக் காரணம் படுக்கை மட்டும் அன்று. கடும் தொற்றின்போது உடல் தன் தசையையே கரைத்து எரிபொருளாக்கிக் கொள்கிறது. நரம்புகளும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன.

எனவே கையைத் தூக்காமல் கிடப்பவர் சோம்பலாலோ மனம் விட்டுப்போனதாலோ அப்படிக் கிடக்கவில்லை. “கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்” என்று கடிந்துகொள்வதால் பயன் இல்லை. தசையின் வலிமையை நாங்கள் கை, கால்களின் பன்னிரண்டு அசைவுகளைச் சோதித்து, 60 மதிப்பெண்ணுக்கு அளவிடுகிறோம். 48-க்குக் குறைந்தால் அது தீவிர சிகிச்சையால் வந்த தசைத் தளர்ச்சி எனக் கொள்ளப்படும். நம் ஓட்டுநரின் மதிப்பெண் முதலில் 30. வாரந்தோறும் அந்த எண்ணைக் குடும்பத்தினரிடம் சொல்லுவோம். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் எண்ணில் தெரியும்.

ஒருவரால் ஆகாத பணி

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களைக் காப்பாற்ற பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர் ஒரு வழி கண்டார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்துவதே அவ்வழி. போதிய கருவிகள் இல்லாததால் மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அமர்ந்து பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து வளர்ந்ததே. செயற்கை சுவாசம் தொடக்கத்திலிருந்தே பலர் கைசேர்ந்து செய்த பணி என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

உயிரைக் காப்பது ஒரு கடமை; காத்த உயிரை வாழ்வுக்குத் திருப்புவது இன்னொரு கடமை. இந்த இரண்டாவது கடமையைத் தமிழகத்துக்குக் கற்பித்தவர்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் முதன்மையானவர். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் உயர்பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவருடைய உழைப்பால் வேலூரில் 1966-இல் உள்நோயாளர்களுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. மருத்துவர், இயன்முறை மருத்துவர், செயல்முறை மருத்துவர், சமூகப் பணியாளர், குடும்பம் ஆகிய அனைவரும் ஒரே இலக்கை நோக்கி உழைக்கும் முறையை அத்தகைய நிலையங்களிலேயே நாம் கற்றோம்.

எங்கள் பிரிவிலும் குழு கூடும்போது முதலில் நோயின் பெயரைப் பேசுவதில்லை. “இவர் எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும்? அங்கே என்ன செய்ய வேண்டும்?” என்றே கேட்கிறோம். நம் ஓட்டுநரின் வீடு வியாசர்பாடியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஆகவே அவருடைய இலக்கு முதல் நாளே முடிவாயிற்று: மூன்று மாடிப் படிகள்.

மூச்சு: உழைப்பும் ஓய்வும்

கருவியிலிருந்து விடுவிப்பது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. டிரக்கியாஸ்டமி உள்ளவரைச் சிறிது நேரம் தாமாக மூச்சுவிடச் செய்து, களைப்பு தெரிந்தவுடன் மீண்டும் கருவியோடு இணைக்கிறோம். நேரம் படிப்படியாகக் கூடும். தொடக்கத்தில் இரவில் ஓய்வு கொடுப்போம். அமெரிக்காவில் நெடுநாள் செயற்கை சுவாசத்தில் இருந்தோரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இவ்வாறு குழாய் வழியே தாமாக மூச்சுவிடப் பழக்கப்பட்டோர் நடுமதிப்பாக 15 நாளிலும், கருவியின் அழுத்தம் சிறுகச் சிறுகக் குறைக்கப்பட்டோர் 19 நாளிலும் விடுபட்டனர்.

“நேற்று ஆறு மணி நேரம் இருந்தார், இன்று இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் மாட்டிவிட்டீர்களே” என்று குடும்பத்தினர் கலங்குவதுண்டு. காய்ச்சல், சளி, தூக்கமின்மை, வயிற்று உப்புசம் ஆகிய ஏதேனும் ஒன்று போதும், ஒரு நாளின் கணக்கு மாறிவிடும். நாங்கள் ஒரு நாளைப் பார்ப்பதில்லை. ஒரு வாரத்தைப் பார்க்கிறோம். நீங்களும் அவ்வாறே பாருங்கள்.

எழுந்து அமர்தல்: அளவே மருந்து

2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 104 நோயாளிகள் கலந்துகொண்டனர். மயக்க மருந்தை நாள்தோறும் நிறுத்தி, தொடக்கத்திலேயே இயன்முறைப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் அளிக்கப்பட்டவர்களில் 59 விழுக்காட்டினர் மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலையில் இருந்தனர். வழக்கமான பராமரிப்பில் இருந்தோரில் அது 35 விழுக்காடு. ஆனால் 2022-இல் ஆறு நாடுகளில் 750 பேரிடம் நடந்து வெளியான ஆய்வு வேறொரு பாடம் தந்தது. வழக்கத்தைவிடத் தீவிரமாக எழுப்பி நடக்கவைத்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. இதயத்துடிப்புக் கோளாறு, இரத்த அழுத்த மாற்றம் போன்ற பாதிப்புகளே மிகுந்தன.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு எளியது. பயிற்சி வேண்டும்; ஆனால் மாத்திரையைப் போலவே அதற்கும் அளவு உண்டு. இயன்முறை மருத்துவர் முதலில் கட்டிலில் சாய்த்து அமர்த்துவார், பின்பு கால்களைத் தொங்கவிட்டு விளிம்பில் அமர்த்துவார், பின்பு நிற்கவைப்பார், அதன்பின்பே அடியெடுத்து வைக்கச் செய்வார். ஒவ்வொரு கட்டத்திலும் நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் பார்க்கப்படும். அவர் இல்லாத வேளையில், அன்பின் மிகுதியால் நோயாளியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு நழுவக்கூடும். எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கி விழவும் கூடும். கட்டிலில் கிடக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவதும், சொல்லித்தந்தபடி விரல், மணிக்கட்டு, கணுக்கால்களை அசைத்துவிடுவதும் உங்கள் கைகளுக்கு உரிய பணி.

குரலும் விழுங்குதலும்

கழுத்துக் குழாயின் வழியே மூச்சு போவதால் காற்று குரல்நாண்களை எட்டுவதில்லை. ஆகவே குரல் எழாது. குரல் போய்விட்டது என்று பொருள் அன்று. பேச இயலும் வரை எழுத்துப் பலகையோ, படங்கள் ஒட்டிய அட்டையோ, கைப்பேசியோ உதவும். ‘ஆம்’ என்பதற்கு ஒரு கண் இமைப்பு, ‘இல்லை’ என்பதற்கு இரண்டு என்று வைத்துக்கொள்வதும் நல்ல முறை. பேச்சுப் பயிற்சியாளர் தகுந்த நாளில் பேச்சு வால்வு பொருத்துவார். அதற்குமுன் குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பையை முழுதும் இறக்கியே ஆகவேண்டும். இறக்காமல் வால்வைப் பொருத்தினால் உள்ளே சென்ற காற்று வெளியேற வழியின்றி உயிருக்கே ஆபத்தாகும். பயிற்சி பெற்றவர் அன்றி வேறு எவரும் அதைத் தொடலாகாது.

விழுங்குதலில்தான் நாங்கள் மிகுதியும் கவலைப்படுகிறோம். நெடுநாள் குழாய் இருந்தால் தொண்டையின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. உணவு நுரையீரலுக்குள் நழுவினாலும் இருமல் வராமலே போகலாம். நம் ஓட்டுநர் ஒரு மாலை கையசைத்துக் காபி கேட்டார். இருபது நாளுக்கு மேல் வாய் நனையாதவர் கேட்கிறாரே என்று அவருடைய தாயார் யாரும் காணாதபோது இரண்டு கரண்டி ஊட்டிவிட்டார். இருமவே இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சளி கட்டியிருந்தது. அவர் நான்கு நாள் மீண்டும் கருவிக்குப் போனார்.

அந்தத் தாயாரை நாங்கள் குறை கூறவில்லை. கேட்ட பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று. தவறு எங்களுடையது. விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை வாய்வழி எதுவும் கூடாது என்பதை மனைவியிடம் சொன்ன நாங்கள் தாயாரிடம் சொல்லியிருக்கவில்லை. அதன்பின் பார்வையாளராக வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். இளநீரும் தீர்த்தமும்கூட இந்த விதிக்கு விலக்கு அல்ல. ஈரப்பஞ்சால் உதட்டை நனைப்பதும் வாயைத் தூய்மை செய்வதும் நீங்கள் செய்யக்கூடியவை. அவை நுரையீரலையும் காக்கின்றன.

கஞ்சி மட்டும் போதாது

கரைந்த தசை திரும்பப் புரதம் வேண்டும். தீவிர நோயில் இருந்தவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ உடையவருக்கு இது குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் உண்டு. நம் வீடுகளில் நோயாளிக்கு அரிசிக் கஞ்சியும் ரொட்டியுமே உகந்தவை என்று எண்ணுகிறோம். அவற்றில் புரதம் மிகக் குறைவு. முட்டை, முள் நீக்கிய மீன், கெட்டியாக வேகவைத்த பருப்பு, தயிர், பொட்டுக்கடலை மாவு ஆகியவற்றை உணவியல் நிபுணர் சொல்லும் பதத்தில், சிறுசிறு வேளைகளாகக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. கேட்டே கொடுக்க வேண்டும்.

மனத்தின் காயம்

தீவிர சிகிச்சையில் பலருக்குக் குழப்பநிலை ஏற்படுகிறது. தம்மைக் கட்டிப்போட்டதாகவும், கொல்ல வந்ததாகவும் அவர்களுக்குத் தோன்றும். வீடு திரும்பிய பின்னும் கனவில் அது வரும். நினைவாற்றல் குறைதல், எரிச்சல், உறக்கமின்மை ஆகியன மாதக்கணக்கில் நீடிக்கலாம். உடல், அறிவு, மனம் மூன்றிலும் எஞ்சிநிற்கும் இத்தொல்லைகளைச் சேர்த்துத் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய தொகுப்பு நோய்நிலை என்கிறோம். இது பைத்தியம் அன்று; மறைக்க வேண்டியதும் அன்று.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாள்தோறும் நான்கு வரி எழுதுங்கள்: இன்று யார் வந்தார்கள், என்ன நடந்தது, வெளியில் மழையா வெயிலா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் செவிலியரே இத்தகைய நாட்குறிப்பை எழுதுகின்றனர். நினைவில் விழுந்த ஓட்டையை நோயாளி பின்னாளில் அதைக்கொண்டு நிரப்பிக்கொள்கிறார். நம் ஓட்டுநரின் மகள் எழுதினாள். “என்னைக் கயிற்றால் கட்டினார்கள்” என்று அவர் சொன்ன நாளின் பக்கத்தில், “அப்பா குழாயைப் பிடுங்கப் பார்த்தார், கையில் மெதுவாகத் துணி சுற்றினார்கள், நான் பக்கத்தில் இருந்தேன்” என்று இருந்தது. அதைப் படித்தபின் அந்தக் கனவைப் பற்றி அவரால் பேச முடிந்தது.

கவனிப்பவருக்கும் இதே துன்பம் உண்டு. உறங்காமலும் உண்ணாமலும் வராந்தாவில் கிடப்பது அன்பின் அளவுகோல் ஆகாது. முறைவைத்துக்கொள்ளுங்கள். மனநல ஆலோசகர் உங்களுக்கும் உரியவர்.

வீட்டுக்குச் செல்லும் முன்

வீட்டுக்கு அனுப்புமுன் குறைந்தது இருவருக்குப் பயிற்சி அளிக்கிறோம். டிரக்கியாஸ்டமி குழாயோடு செல்வோர் கீழ்க்கண்டவற்றைக் கட்டாயம் உறுதிசெய்ய வேண்டும்:

1. சளி உறிஞ்சும் கருவியைக் கையாளவும், உட்குழாயைக் கழற்றித் தூய்மை செய்யவும் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. அதே அளவில் ஒன்றும், ஓரளவு சிறியது ஒன்றுமாக இரண்டு மாற்றுக் குழாய்கள் எப்போதும் படுக்கையருகே இருக்க வேண்டும்.

3. மின்சாரம் நின்றாலும் இயங்கும் வகையில், மின்கலத்தாலோ காலாலோ இயக்கும் உறிஞ்சு கருவி வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் சூழ்ந்து மின்சாரம் இன்றித் தவித்த நாட்களை மறக்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால், தண்ணீர் ஏறும்வரை காத்திராமல் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள்.

4. கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகுப் புகை, முகப்பவுடர் ஆகியவை அறையில் கூடாது. போகி நாளிலும் குப்பைமேட்டுப் புகை வரும் நாளிலும் சன்னல்களை மூடிவையுங்கள். குளிக்கும்போது கழுத்துக்கு மேல் நீர் ஊற்றலாகாது.

5. குழாய் வெளியே வந்துவிட்டாலோ, அடைத்துக்கொண்டாலோ, இரத்தம் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், சளியின் நிறமாற்றம், பகலில் மிகுதியான உறக்கம் ஆகியன தெரிந்தால் அன்றே எங்களிடம் வாருங்கள்.

செயல்முறை மருத்துவர் வீட்டின் அமைப்பைக் கேட்டறிவார். குத்துக்கால் இட்டு அமரும் கழிப்பறை தொடக்கத்தில் இயலாது. நடுவில் துளையிட்ட நாற்காலி போதும். சட்டைப் பொத்தான் போடுவதும், சோற்றைப் பிசைந்து உண்பதும், குடத்திலிருந்து நீர் மொள்ளுவதும் அவர் கற்பிக்கும் பாடங்களே.

சமூகப் பணியாளரைத் தயங்காமல் அணுகுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு ஆகியவற்றை அவர் சரிபார்ப்பார். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர் தகுதி பெற்றிருந்தால், நோய் விடுப்பில் ஓராண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உண்டு. நெடுநாள் மறுவாழ்வு தேவைப்படுவோருக்குக் கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது.

எதிர்பார்க்க வேண்டியதும் பேச வேண்டியதும்

கடும் நுரையீரல் பாதிப்பிலிருந்து மீண்டவர்களைக் கனடாவில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுடைய நுரையீரல் ஏறத்தாழ இயல்புநிலைக்குத் திரும்பியிருந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவு, அவர்கள் வயதினருக்கு எதிர்பார்க்கப்படுவதில் நான்கில் மூன்று பங்களவே இருந்தது. எனவே “ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடுவார்” என்று நாங்கள் சொல்லுவதில்லை. மீட்சியை மாதங்களாலும், சிலருக்கு ஆண்டுகளாலும் அளக்க வேண்டும்.

எல்லோரும் கருவியிலிருந்து விடுபடுவதும் இல்லை. சிலர் குழாயோடு வாழ்கின்றனர். சிலருக்கு இரவில் மட்டும் வீட்டிலேயே கருவி தேவைப்படுகிறது. முதுமையும் பிற நோய்களும் கூடியிருக்கும் சிலருக்கு, மேலும் தீவிர சிகிச்சை துன்பத்தையே நீட்டிக்கும். அந்நிலையில், “அவர் பேச முடிந்தால் எதை விரும்புவார்?” என்று உங்களிடம் கேட்போம். கைவிடுவதற்காக அப்படிக் கேட்பதில்லை. அவருடைய குரலும் குழுவில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கிறோம். நோயாளி தெளிவாக இருக்கும்போதே இதைப் பேசிவைப்பது நன்று.

நம் ஓட்டுநர் 71-ஆம் நாள் வீடு திரும்பினார். கழுத்துக் குழாய் அதற்கு முந்தைய வாரம் எடுக்கப்பட்டிருந்தது. அன்று அவரை நாற்காலியில் அமர்த்தி உறவினர் நால்வர் மேலே தூக்கிச் சென்றனர். இயன்முறை மருத்துவர் நாளொன்றுக்கு நான்கு படி என்று கணக்குக் கொடுத்தார். அவருடைய மனைவி படிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்து, வாரந்தோறும் அதை இன்னும் கீழே நகர்த்தினார். நான்காம் மாதத்தில், வழியில் இரண்டு இடங்களில் அமர்ந்து, மூன்று மாடியும் தாமே ஏறினார். லாரியை இன்னும் ஓட்டவில்லை. இப்போதைக்கு ஒரு கிடங்கில் அமர்ந்து கணக்கு எழுதுகிறார். பழைய வேலைக்குத் திரும்புவாரா என்பதை அடுத்த பரிசோதனைகளுக்குப் பின்பே சொல்ல முடியும்.

அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி எங்கள் சிகிச்சைக் குறிப்பில் இல்லை. அதை வைத்தவர் அவருடைய மனைவி. இதைப் படிக்கும் உங்களிடம் நாங்கள் வேண்டுவதும் இதுவே: அவசரப்படாதீர்கள், மனந்தளராதீர்கள், எங்களோடு சேர்ந்து படிகளை எண்ணுங்கள். ஐயம் எழும்போதெல்லாம், காலைச் சுற்றின்போது எங்களைத் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள்.